புயலுக்குப் பின் மீண்ட மருத்துவப் பதிவுகள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மன்னார்குடிப் பக்கம் நான் பதிவுப் பிரிவைக் கவனித்து வந்த சிறிய மருத்துவமனையின் சர்வர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பக்கவாட்டு அறையில் இருந்தது. கூரை பறந்தது, மழை நேரே அதன்மேல் கொட்டியது. பேக்கப் ஹார்ட் டிஸ்க்கையும் அதே அலமாரியில் வைத்திருந்தது எங்கள் பெரும்பிழை.

ஜெனரேட்டர் ஓடியதால் டயாலிசிஸ் பிரிவு நிற்கவில்லை. ஆனால் யாருக்கு டிரை வெயிட் (மிகை நீர் நீங்கிய பின் இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின் எவ்வளவு, யாருக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்ற விவரமெல்லாம் கணினிக்குள் இருந்தன. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி இயந்திரம் ஒதுக்கியாக வேண்டும். அதை ஊகித்துச் செய்ய முடியாது. விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து வந்து சேர்ந்த ஒரு பெரியவர், இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய டயாலிசிஸ் சீட்டை எடுத்து நீட்டினார். "வீடே போச்சு தம்பி, இதை மட்டும் விடல" என்றார். அன்று அவரைப் பற்றி எங்களிடம் இருந்த ஒரே ஆவணம் அந்தச் சீட்டுதான்.

நனைந்த பேக்கப் டிஸ்க்கை ஈரம் போகாமல் இயக்கினால் உள்ளதும் போய்விடும் என்பதால், அதைத் தொடாமல் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். கோப்புகள் மீண்டன, ஆயினும் தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருந்தபோதே நகலெடுத்து வந்ததால், கடைசி மூன்று வாரப் பதிவுகள் திறக்கவில்லை. அவற்றையும் புயல் நாட்களின் காகிதப் பதிவுகளையும் சேர்த்துக் கணினியில் ஏற்றுவதே எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஒரே நோயாளி இரண்டு எண்களில் பதிவானதைக் கண்டுபிடித்து ஒன்றாக்கவே பல இரவுகள் பிடித்தன.

இப்போது தரவுத்தளத்தின் சொந்தக் கருவியைக் கொண்டே இரவுதோறும் நகலெடுக்கிறோம். ஒன்று மாடியில் தனி டிஸ்க்கில், இன்னொன்று பூட்டிய வடிவில் வெளியூர் சர்வரில். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, ஐந்து நோயாளிகளின் பதிவைத் திறந்து ஒப்பிடுகிறோம். டயாலிசிஸ் நோயாளிகளின் சுருக்க விவரம் வாரந்தோறும் அச்சாகிப் பிரிவிலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக அரை நாள் சர்வரை அணைத்துவிட்டு, வரிசை எண் அச்சிட்ட படிவங்களில் மட்டும் வேலை பார்க்கிறோம். முதல் ஒத்திகையிலேயே, மருந்து ஒவ்வாமை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை என்பதை ஒரு செவிலியர் சுட்டிக்காட்டினார். அன்று மாலையே சிவப்புக் கட்டம் போட்டுப் படிவத்தைப் புதிதாக அச்சிட்டோம்.