வாசனை சரி, கை சரியில்லை

"என்னம்மா, லேப்ல யாருக்கும் கல்யாணமா?"

கேட்டவர் எங்கள் துறையின் லேப் உதவியாளர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. முதல் மாடிக்கு ஏறும் படிக்கட்டிலேயே பன்னீர் ரோஜா மணம் தூக்கியிருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை. படிக்கட்டில் மணந்துகொண்டிருந்தது என் நான்கு நாள் உழைப்பு. உருண்டை அடி பிளாஸ்க்கில் இருக்க வேண்டியது, கரைப்பானை வெற்றிடத்தில் ஆவியாக்கும் ரோட்டவேப்பின் பம்ப் வழியாக வெளியேறி, ஊருக்கெல்லாம் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்க்கின் அடியில் மிஞ்சியது அரை கிராம் சொச்சம்.

இது நான் பிஎச்டி மூன்றாம் வருடத்தில் இருந்தபோது நடந்தது. டெர்பீன்கள் என்ற செடி எண்ணெய்ச் சேர்மங்களிலிருந்து கைரல் பைரன் வளையங்கள் செய்வதுதான் என் வேலை. கைரல் என்றால் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவம் உள்ளது. ஐந்து கார்பனும் ஓர் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கும் ஆறு முனை வளையம்தான் பைரன். வளைய வடிவில் இருக்கும் குளுக்கோஸுக்கும் இதே சட்டகம்தான். வளையத்துக்குள் இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் டெட்ராஹைட்ரோபைரன் என்போம். அந்தக் குடும்பத்திலேயே எனக்குப் பிடித்த மூலக்கூறு ரோஸ் ஆக்சைடு. 1959இல் சைடல், ஷ்டோல் என்ற இருவர் பல்கேரிய ரோஜா எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். ரோஜா எண்ணெயில் இது ஒரு சதவீதம்கூட இருக்காது. ஆனாலும் அந்த மணத்தின் பெரும் பங்குக்கு இதுவும் காரணம். நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் பயிராகும் ஜெரேனியத்தின் எண்ணெயிலும் உண்டு.

வளையத்தில் இரண்டு இடங்களில் கைரல் கார்பன் இருக்கிறது. அதனால் நான்கு வடிவங்கள்: சிஸ்ஸில் (கிளைகள் இரண்டும் ஒரே பக்கம்) ஒரு ஜோடி, டிரான்ஸில் (எதிரெதிர்ப் பக்கம்) ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ரோஜாவின் மணத்துக்கு முக்கியமானது இடஞ்சுழி சிஸ், அதாவது முனைவுற்ற ஒளியை இடப்பக்கம் திருப்பும் சிஸ். தண்ணீரில் 100 கோடியில் அரைப் பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும் என்று பதிவாகியிருக்கிறது. அதன் கண்ணாடிப் பிம்பத்துக்கு 50 பங்கு வேண்டும். நூறு மடங்கு வித்தியாசம். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது மறந்திருந்தேன்.

செய்முறை பழையது, அழகானதும்கூட. சிட்ரோனெல்லோல் என்ற ஆல்கஹாலை மெத்தனாலில் கரைத்து, கொஞ்சம் ரோஸ் பெங்கால் சாயம் போட்டு, காற்றைச் செலுத்தியபடி வெளிச்சத்தில் வைக்க வேண்டும். சாயம் வெளிச்சத்தை வாங்கி, சும்மா இருக்கும் ஆக்சிஜனைச் சிங்லெட் ஆக்சிஜன் என்ற துடிப்பான வடிவமாக மாற்றிவிடும். அது போய் இரட்டைப் பிணைப்பைக் கடிக்கும். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் குந்தர் ஷெங்க் இதே வித்தையை வெயிலில், கீரையின் பச்சையத்தையே சாயமாக வைத்து, அஸ்காரிடோல் என்ற குடற்புழு மருந்து தயாரிக்கப் பயன்படுத்தினார். அவருக்கு ஹைடல்பர்க் வெயில். எனக்குத் திருநெல்வேலி வெயில். யாருக்கு வசதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையில் அவ்வளவு வசதி இல்லை. காலை ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் பிளாஸ்க்கை வைத்தால் பத்து மணிக்கு மெத்தனால் ஆவியாக ஆரம்பித்துவிடும். ஐஸ் டப்பில் பிளாஸ்க்கை உட்காரவைத்து, மீன் தொட்டிக்கு வைக்கும் பம்ப்பால் காற்று விட்டு, பக்கத்திலேயே குடையோடு நானும் உட்கார்ந்திருந்தேன். 7.8 கிராம் சிட்ரோனெல்லோல், 200 மில்லி மெத்தனால், சாயம் ஒரு சிட்டிகை. பிளாஸ்க் முழுக்க ரோஸ்மில்க்கைவிட அடர்த்தியான சிவப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கலவையை மெல்லிய தட்டில் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி போட்டுப் பார்ப்பேன். இந்த மூலக்கூறுகள் யுவி விளக்கில் தெரியாது. அனிசால்டிஹைடில் முக்கி, சூடு காட்டினால்தான் புள்ளிகள் எழும். மாலைக்குள் சாயமே வெளுத்து இளம் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. வெளிச்சத்தில் வேலை செய்யும் சாயம் அந்த வெளிச்சத்திலேயே அழியவும் செய்யும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம், முயன்று பார்க்க நினைக்கும் மாணவர்களுக்கு. இப்போது பிளாஸ்க்கில் இருப்பது ஹைட்ரோபெராக்சைடு. இதை அப்படியே ரோட்டவேப்பில் போட்டுச் சுண்டவைப்பது வெடியைப் பக்கத்தில் வைத்து உட்காருவது போல. முதலில் சோடியம் சல்ஃபைட் போட்டு அந்தப் பெராக்சைடை ஆல்கஹாலாக ஒடுக்கி, ஸ்டார்ச்-அயோடைடு தாள் நீலமாகவில்லை என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். மெத்தனாலுக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது என்பதை நான் தனியாகச் சொல்லவில்லை.

சல்ஃபைட் போட்ட பிறகு இரண்டு டையால்கள் (இரட்டை ஆல்கஹால்கள்) கிடைக்கும், கிட்டத்தட்ட பாதிப் பாதி. குளிர்ந்த நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தில் அவற்றில் ஒன்றுதான் தண்ணீரை விட்டுவிட்டு வளையமாக மூடும். இன்னொன்று அசையாது. ஆக, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தாலும் பாதிக்கு மேல் எடுக்க முடியாது. இரவு முழுக்கக் கலக்கிவிட்டுக் காலையில் மூடியைத் திறந்தால், ரோஜா. அந்த நிமிஷத்துக்காகவே இந்தப் படிப்பு படிக்கலாம்.

அப்புறம்தான் ரோட்டவேப்பில் பம்ப்பை முழு வேகத்தில் வைத்து, குளியல் தண்ணீரை 50 டிகிரியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். படிக்கட்டுக் கல்யாணம் அன்றைக்குத்தான். ரோஸ் ஆக்சைடு வெற்றிடத்தில் எளிதாகப் பறக்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. படித்துமிருந்தேன்.

இரண்டாம் தடவை கவனமாக இருந்தேன். பென்டேன் என்ற எளிதில் ஆவியாகும் கரைப்பான் கொண்டு பிரித்து, குளியலைச் சூடே செய்யாமல், வெற்றிடத்தைக் குறைத்து வைத்து, கடைசியில் சிலிகா நிரப்பிய குழாயில் போட்டுச் சுத்தமாக்கி எடுத்தபோது 1.9 கிராம். நிறமில்லாத எண்ணெய். கலவையைப் பிரித்து ஒவ்வொன்றின் நிறையையும் காட்டும் ஜிசி-எம்எஸ்ஸில் இரண்டு உச்சங்கள்: பெரியது சிஸ், சிறியது டிரான்ஸ். இரண்டிலும் 154இல் மூலக்கூறு அயனி, மெத்தில் ஒன்று கழன்ற 139 நெடுநெடுவென்று. எந்த அணு எங்கே நிற்கிறது என்று காட்டும் என்எம்ஆருக்கு வெளியூர் அனுப்பி மூன்று வாரம் காத்திருந்தோம். சாம்பிள் குப்பியை டெஃப்லான் டேப்பால் சுற்றிச் சுற்றிக் கட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது, வழியில் பறந்துவிடக் கூடாதே என்று. வந்த நிறமாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரட்டைப் பிணைப்பின் புரோட்டான் 5.2 பக்கம், அதில் இரண்டு மெத்தில்கள் 1.7 பக்கம், வளையத்தின் மெத்தில் இரட்டைக் கோடாக ஒன்றுக்குச் சற்றுக் கீழே. பக்கத்தில் நிற்கும் புரோட்டான்களைக் காட்டும் நோசி என்ற என்எம்ஆர் எடுத்ததில் இரண்டாம், நான்காம் இடத்துப் புரோட்டான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இரண்டு கிளைகளும் வளையத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, இரண்டு ஹைட்ரஜனும் ஒரே பக்கம் செங்குத்தாக நின்றால்தான் அது நடக்கும். ஆக சிஸ். சந்தேகமில்லை.

கைடு சார் எல்லாத் தாள்களையும் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ரொட்டேஷன் எவ்வளவும்மா?"

அவர் கேட்டது, முனைவுற்ற ஒளியை என் எண்ணெய் எத்தனை டிகிரி திருப்புகிறது என்று. அதை அளக்கும் எங்கள் போலாரிமீட்டர் கையால் திருப்பும் பழைய கருவி. சோடியம் விளக்கு சூடாகி முழு மஞ்சளுக்கு வரப் பத்து நிமிஷம் ஆகும். குழாயில் கரைசலை நிரப்பும்போது ஒரு காற்றுக் குமிழி உள்ளே போனாலும் மறுபடி முதலிலிருந்து. கண் வைத்துப் பார்த்தால் வட்டம் இரண்டு பாதியாகத் தெரியும், ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு. குமிழைத் திருப்பி இரண்டும் ஒரே மங்கலாக வரும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். வெறும் குளோரோஃபார்முக்குப் பூஜ்யம். என் ரோஸ் ஆக்சைடுக்கும் பூஜ்யம். மறுபடி நிரப்பினேன். பூஜ்யம்.

கருவிதான் கெட்டுவிட்டது என்று முதலில் நம்பினேன். கருவியைச் சந்தேகிப்பது மனசுக்கு எவ்வளவு ஆறுதல்! கேன்டீனில் சீனி வாங்கிவந்து, 10 கிராம் எடுத்து 100 மில்லிக்குக் கரைத்து, ஒரு டெசிமீட்டர் குழாயில் ஊற்றினேன். வலப்பக்கம் 6.6 டிகிரி, பாடப்புத்தகம் சொல்கிறபடியே. கருவி கல்லு மாதிரி இருக்கிறது.

பள்ளிக்கூடத்து வேதியியல் புத்தகத்தில் ரேசிமிக் கலவைக்கு 'சுழிமாய்க் கலவை' என்று போட்டிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் அதை மனப்பாடம் செய்தபோது, இதென்ன மந்திரவாதி பெயர் மாதிரி இருக்கிறது என்று சிரித்திருக்கிறோம். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சொல் எவ்வளவு கச்சிதம் என்று பட்டது. இடஞ்சுழியும் வலஞ்சுழியும் சரிபாதி சேர்ந்து, சுழற்சியே மாய்ந்துபோய்விட்டது.

குற்றவாளி அலமாரியிலேயே இருந்தது. நான் எடுத்த சிட்ரோனெல்லோல் பாட்டிலின் லேபிளில் பெயர் இருந்தது, தூய்மை சதவீதம் இருந்தது, முன்னால் வலஞ்சுழிக்கான பிளஸ்ஸோ இடஞ்சுழிக்கான மைனஸோ இல்லை. செடியிலிருந்து வந்த சிட்ரோனெல்லோலுக்குக் கை உண்டு. ஜெரேனியத்தில் இடஞ்சுழி மிகுதி, ஜாவா சிட்ரோனெல்லா எண்ணெயில் வலஞ்சுழி மிகுதி. தொழிற்சாலையில் சாதாரண வினையூக்கி வைத்து ஹைட்ரஜன் ஏற்றிச் செய்தால் இரண்டும் பாதிப் பாதி. பாட்டில் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்காமல் எடுத்தேன். என் வினையில் புதிய கைரல் கார்பன் ஒன்று உருவாகிறது, உண்மைதான். ஆனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று அது பார்த்துக்கொள்வது, ஏற்கெனவே மெத்திலோடு நிற்கும் பழைய கார்பனைத்தான். பழையதே பாதிக்குப் பாதி இடமும் வலமுமாக நின்றால் புதியதும் அப்படித்தான். சிஸ் ஒழுங்காக வந்தது, இரண்டு கைகளிலும்.

என்எம்ஆர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? சாதாரண கரைப்பானில் அதற்குக் கண்ணாடிப் பிம்பங்கள் இரண்டும் ஒன்றுதான். நிறை பார்க்கும் எம்எஸ்ஸுக்கும் அப்படியே. எனக்கு உறுத்தியது மூக்கு. இவ்வளவு நுட்பமான மூக்கு எப்படி ஏமாந்தது? அங்கேதான் அந்த நூறு மடங்கு கணக்கு. என் பிளாஸ்க்கில் பாதி சரியான கைதான். அந்தப் பாதியே மூக்கை நிரப்பிவிட்டது, மந்தமான மறுபாதி அதன் முதுகில் ஏறிப் பயணம் செய்தது. மூக்குக்கு 'இருக்கிறதா' என்று தெரியும், 'எத்தனை சதவீதம்' என்று தெரியாது.

உறுதிப்படுத்த, இரண்டு கைகளையும் பிரித்துக் காட்டும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பூசிய ஜிசி குழாய் இருக்கும் வேறொரு இடத்துக்கு ஒரு சொட்டு அனுப்பினோம். இரண்டாக இருந்த உச்சங்கள் நான்காகப் பிளந்து வந்தன, ஜோடி ஜோடியாக, ஒரே உயரத்தில். இரட்டைக் குழந்தைகள் போட்டோ மாதிரி அழகாக இருந்தது. பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

இடஞ்சுழி சிட்ரோனெல்லோல் ஐந்து கிராம் வாங்க சார் கையெழுத்துப் போடும்போது விலையை இரண்டு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டில் வந்ததும் வினைக்குப் போகவில்லை, நேரே போலாரிமீட்டருக்குப் போனேன். அரை டெசிமீட்டர் குழாய், கரைக்காமல் அப்படியே ஊற்றினேன். இடப்பக்கம் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல். குழாயின் நீளத்தையும் அடர்த்தியையும் கணக்கில் எடுத்தால் ஐந்து சொச்சம், லேபிளில் இருந்ததும் அதுவே. குழாயைக் கழுவிய சொட்டுகளைக்கூடத் திரும்ப எடுத்து வைத்தேன்.

அந்தத் தடவை கிடைத்த ரோஸ் ஆக்சைடு ஒரு கிராமுக்கும் குறைவு. குளோரோஃபார்மில் கரைத்து வைத்துக் குமிழைத் திருப்பினேன். இரண்டு பாதிகளும் பூஜ்யத்தில் சமமாகவில்லை. இடப்பக்கம் தள்ளித் தள்ளிப் போய்ச் சமமானது. ஜூனியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானாக்கா?" என்றாள்.

இன்னொரு கலவரமும் பாக்கி இருந்தது. கட்டுரை எழுதும்போது பார்த்தால், நான் எடுத்த சிட்ரோனெல்லோல் எஸ் வடிவம், ரோஸ் ஆக்சைடில் அதே கார்பன் ஆர். எஸ், ஆர் என்பவை கைரல் கார்பனின் இரண்டு அமைப்புகளுக்கு வைக்கும் பெயர்கள். எங்கேயோ தலைகீழாகிவிட்டதா? அந்தக் கார்பனின் ஒரு பிணைப்பைக்கூட நான் தொடவில்லையே! ஒரு ராத்திரி தூக்கம் போனது. காரணம் அற்பமானது. பெயர் வைக்கும் விதியில் அந்தக் கார்பனின் எந்தக் கிளை பெரியது என்று பார்ப்பார்கள். வளையம் மூடியதும் சின்னக் கிளைக்கு ஆக்சிஜன் ஏந்திய கார்பன் பக்கத்தில் வந்துவிட, அது பெரிய கிளையாகிவிட்டது. கார்பன் அப்படியே நிற்கிறது, பெயர் மட்டும் மாறிவிட்டது. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, சங்குகளைப் பார்த்து வளர்ந்தவள். நாம் வலம்புரி என்று கும்பிடும் சங்கை விலங்கியல் புத்தகம் இடச்சுழல் என்றுதான் சொல்லும். சங்கைப் பிடிக்கும் விதம் வேறு, அவ்வளவுதான். இது முதலிலேயே தோன்றியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

பிஎச்டியின் கடைசி வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் ரொம்பக் கறாரானவர் என்று பயமுறுத்தியிருந்தார்கள். ரொட்டேஷன், கைரல் ஜிசி, எஸ் எப்படி ஆர் ஆனது, எல்லாம் கேட்டார், எல்லாவற்றுக்கும் தாள் காட்டினேன். கடைசியில் சாம்பிள் இருக்கிறதா என்றார். டெஃப்லான் டேப்பைப் பிரித்துக் குப்பியை நீட்டினேன். கையால் விசிறி மெல்ல முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"லிச்சிப் பழம்," என்றார்.

லிச்சியிலும் இதே மூலக்கூறு உண்டு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கதவோரம் டீ டம்ளர்களோடு நின்றிருந்த அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. தேர்வாளர் போன பிறகு என்னிடம் வந்து, "பன்னீர் ரோஜா பார்த்திருக்கவே மாட்டாரு போல," என்றார்.