அம்மாவுக்கு வாய் கசக்கும் மாதம்

மார்ச் 1, சனி

இடியப்பம், பால்சொதி, இடிசம்பல். அம்மா ஒன்றைப் பிய்த்துச் சொதியில் போட்டார், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், எழும்பிக் கையைக் கழுவிவிட்டார். மத்தியானம் வாவி இறாலை முருங்கைக்காய் போட்டுக் காய்ச்சினேன். இரண்டு வாய். "வாய் கசக்குது புள்ள, கோவிக்காத."

பின்னேரம் முற்றத்துக் கதிரையில் இருந்தபடி, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல: "இந்தியாவுல மண்டபம் கேம்புல திண்ட சாம்பார் ஒருக்கா கிடைச்சா நல்லா இருக்கும்."

மார்ச் 2, ஞாயிறு

வைத்தேன். மைசூர்ப் பருப்பு, கரட், போஞ்சி, கத்தரிக்காய், முருங்கைக்காய், புளி, வீட்டுத் தூள். வெள்ளிக்கிழமைகளில் இந்த வீட்டில் காலங்காலமாக வைக்கிற அதே சாம்பார். அம்மா நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது புளியாணம் மகள், சாம்பாரில்ல" என்றார்.

இத்தனை வெள்ளிக்கிழமைகளும் நீங்கள்தானே இதைச் சாம்பார் என்று ஊற்றினீர்கள் என்று வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

போன் அடித்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கிறோம். இன்று அடித்தது விளம்பரம்.

மார்ச் 6, வியாழன்

நித்திரை வரவில்லை. சாம்பாரைப் பற்றி யோசித்தால் மற்றதை யோசிக்காமல் இருக்கலாம் என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

எங்கள் மட்டக்களப்புத் தூளில் பெருஞ்சீரகம் இருக்கிறது. மல்லி, செத்தல் மிளகாய், மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் கருக வறுத்து இடித்த தூள். மீனுக்கும் இறைச்சிக்கும் அதுதான் உயிர். ஆனால் அதைப் பருப்பில் போட்ட உடனே பருப்பு கறியாகிவிடுகிறது. தமிழ்நாட்டுச் சாம்பார்ப் பொடியில் பெருஞ்சீரகம் கிடையாது. அங்கே மல்லியோடு கடலைப் பருப்பையும் துவரம் பருப்பையும் சேர்த்து வறுக்கிறார்கள், வெந்தயம் போடுகிறார்கள். வறுத்த பருப்பு அரைபட்டு உள்ளே போவதால்தான் அந்தச் சாம்பாருக்குத் தடிப்பும் ஒரு மணமும் வருகிறது. பிறகு பெருங்காயம். அதை நாங்கள் ரசத்துக்கு ஒரு சிட்டிகை போடுவதோடு சரி. சமையலில் பெருங்காயம் இல்லாமல் நிற்க முடியாத இந்தியா அதை ஆப்கானிஸ்தானிலிருந்து வாங்கித்தான் தின்கிறது. 2020இல்தான் இமயமலைப் பக்கம் லாகௌல் பள்ளத்தாக்கில் முதன்முதலாக நட்டுப் பார்த்தார்களாம்.

அடுத்தது பருப்பு. மைசூர்ப் பருப்பு கால் மணித்தியாலத்தில் கரைந்து தண்ணீராகிவிடும். துவரம் பருப்பை ஊறப்போட்டு, குக்கரில் நாலு விசில் விட்டு, மத்தால் கடைய வேண்டும். நகரத்துக் கடைகளில் கேட்டேன். ஒரு கடையில் இருந்தது. பைக்குள் வண்டு ஓடியது.

ஒரே மொழி பேசுகிறோம், ஒரே தேவாரம் பாடுகிறோம், அதனால் அடுப்பும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. நாங்கள் தேங்காய்ப்பாலை நம்பிச் சமைக்கிற ஆட்கள். அவர்கள் பருப்பை நம்புகிறார்கள்.

மணி இரண்டரை. அம்மா இருமுகிறார்.

மார்ச் 8, சனி

தம்பி பிடிவாதமாக எல்லாரையும் வெளியே சாப்பிடக் கூட்டிப்போனான். கல்லடிப் பக்கம் புதிதாகத் திறந்த இந்தியச் சாப்பாட்டுக்கடை. பழைய இரும்புப் பாலத்துக்குக் கிட்ட ஓட்டோவை நிறுத்தச் சொல்லி அம்மா கொஞ்ச நேரம் காற்று வாங்கினார். 1924இல் கட்டிய பாலம், ஒரு வாகனம் போனால் மற்றது காத்திருக்க வேண்டும். புதுப்பாலம் வந்த பிறகு அது நடக்கிறவர்களுக்கும் காற்று வாங்குகிறவர்களுக்கும் என்று ஆகிவிட்டது.

கடைக்குள் தாஜ்மகால் படம், குளிரூட்டி, பிளாஸ்டிக் உறை போட்ட மெனு. அம்மா மெனுவைத் திறக்காமலே பையனிடம், "தம்பி, மசால் தோசை இருக்கா?" என்றார்.

"இல்ல அம்மா, இது நோர்த் இந்தியன்."

பட்டர் சிக்கன், உள்ளி நான், பன்னீர், மாம்பழ லஸ்ஸி. பட்டர் சிக்கன் இனித்தது. பன்னீர் ரப்பர். நான் மட்டும் நன்றாக இருந்தது, ஓரம் கருகி, நடுவில் பொங்கி. அது வீட்டில் வராது. மண் அடுப்புக்குள் நானூறு பாகைக்கு மேல் சூடு ஏற்றி, மாவைச் சுவரில் அறைகிறார்கள். தோசைக்கல்லில் சுட்டால் அது நம்முடைய ரொட்டிதான், பெயரை மாற்றிக் கூப்பிடலாம். வெளியே சாப்பிடுவதென்றால் வீட்டு அடுப்புக்கு முடியாததைத் தேடிச் சாப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் நானுக்குக் காசு கொடுத்தது நியாயம். பன்னீருக்கு நியாயமே இல்லை.

அம்மா லஸ்ஸியைக் குடித்துப் பார்த்தார். "இது எங்கட எருமைத் தயிர்தானே. சீனியைப் போட்டு அடிச்சிப்போட்டு இந்த விலையா?" ஆனால் முழுவதையும் குடித்தார். மச்சாள் என் காலை மேசைக்குக் கீழே தட்டினாள்.

பட்டர் சிக்கனை யார் கண்டுபிடித்தது என்று டெல்லியில் வழக்கு நடப்பதாகத் தம்பி போனில் பார்த்துச் சொன்னான். 2024 ஜனவரியில், மோதி மகால் ஆட்கள் தர்யாகஞ்ச் என்ற கடைக்காரர்மீது டெல்லி உயர்நீதிமன்றத்தில் போட்டது. இரண்டு பக்கத்துக்கும் பிரிவினையில் பெஷாவரை விட்டு ஓடிவந்த பாட்டன்மாரின் கதை இருக்கிறது. அம்மா, "ஓடி வந்த இடத்துல சமைச்சதுக்கு வழக்கா?" என்றார். பிறகு பேசவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

எங்கள் ஊரில் இந்தியச் சாப்பாடு என்று பலகை போட்டால் அது டெல்லி. அம்மாவின் இந்தியா மண்டபம் கேம்ப் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு இட்லிக்கடை. 1990இல் மன்னார்க் கரையிலிருந்து படகில் அகதியாகப் போனார்கள், என்னைத் தோளில் போட்டுக்கொண்டு. முகாம் அரிசி கிலோ 57 பைசா என்பார். அந்த அரிசியைப் பற்றிச் சொல்லும்போது முகம் சுளிப்பார். இட்லிக்கடையைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும். அப்பாவுக்குக் கூலி வேலை கிடைத்த நாட்களில் தூக்குவாளி கொண்டுபோய் இட்லி நாலு வாங்குவாராம். சாம்பாருக்குக் காசு இல்லை, கேட்கக் கேட்க ஊற்றுவார்களாம். நாலு இட்லிக்கு ஒரு வாளி சாம்பார் கேட்டும் கடைக்காரர் ஒன்றும் சொன்னதில்லையாம்.

இங்கே சைவக்கடையில் இதற்கு எதிர்மாறான மரியாதை ஒன்று உண்டு. கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். தின்றதை எண்ணிக் காசு கொடுத்தால் போதும். அதுவும் எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

காத்தான்குடி ரீச்சர் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினா. அரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, இஞ்சி, ரம்பை, கொஞ்சம் இறைச்சி. அம்மா ஒரு கோப்பை குடித்தார். இன்னும் இருக்கா என்று கேட்டார்!

நான் குசினிக்குள் போய் நின்றேன்.

மார்ச் 12, புதன்

ரீச்சரிடம் முறை கேட்டு நானே வைத்தேன். தொடவில்லை.

மார்ச் 13, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, வெயில் மட்டும்.

மார்ச் 15, சனி

துவரம் பருப்பு வந்துவிட்டது! மச்சாளின் அண்ணன் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒருவர் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்திருக்கிறார். பருப்பு இரண்டு கிலோ, கட்டிப் பெருங்காயம், பொரிகடலை, யாரும் கேட்காத முறுக்கு. அங்கிருந்து இரவு பஸ்ஸில் மட்டக்களப்புக்கு. நாலு மணித்தியாலக் கடல், அதைவிட நீண்ட தரை.

அம்மா பருப்பைக் கையில் அள்ளி மணந்து பார்த்தார். "இதான்" என்றார். இன்னும் சமைக்கவே இல்லை, அதற்குள் இதான்.

மார்ச் 16, ஞாயிறு

பொடியும் வீட்டிலேயே. மல்லி, கடலைப் பருப்பு, துவரம் பருப்பு, செத்தல் மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மிளகு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தேன். வெந்தயம் ஒரு நொடி கூடினாலும் கசக்கும், இந்த வீட்டில் கசப்புக்கு இனி இடமில்லை. காய் வெந்த பிறகுதான் புளி. முதலே விட்டால் கிழங்கு கல்லுப்போல நிற்கும், எவ்வளவு எரித்தாலும் அசையாது. கடைசியில் நல்லெண்ணெயில் கடுகு, செத்தல், கறிவேப்பிலை. உரசின பெருங்காயத்தை எண்ணெயில் போட்டதும் அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, கோயில் மடப்பள்ளி மாதிரி மணக்குது?" என்றா.

அம்மா ஒன்றரை இட்லி சாப்பிட்டார். சாம்பாரைத் தனியாகக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார். கண்ணை மூடி யோசித்தார்.

"கிட்ட வந்திட்டாய்."

கிட்டவா. தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பத்து நிமிடம் கழித்து வந்தது.

மார்ச் 17, திங்கள்

விடியப்புறம் மருந்து கொடுக்கப் போனபோது, பாதி நித்திரையில்: "அதுல பூசணிக்காய் கிடந்த."

மார்ச் 19, புதன்

மச்சாள் சொல்கிறாள், இட்லிக்கடைச் சாம்பார் வேறு, சோற்றுச் சாம்பார் வேறாம். இட்லிக்குப் பயற்றம் பருப்பு, பூசணி, சின்ன வெங்காயம், தண்ணியாக. அப்படியென்றால் கப்பலில் வந்த துவரை?

24ஆம் திகதி போக வேண்டும். கடிதம் வந்துவிட்டது. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி.

மார்ச் 20, வியாழன்

உழுந்து. இன்று முழுக்க உழுந்து. கோபமாக இருக்கும்போது அரைப்பதற்கு உழுந்தைப்போல ஒன்று இல்லை.

எங்கள் தோசைக்குக் கோதுமை மா சேர்ப்போம், மஞ்சள் போடுவோம், வெங்காயமும் செத்தலும் தாளித்துக் கொட்டுவோம். மெத்தென்று இருக்கும், சம்பலுக்கு அதுதான் பொருத்தம். இந்தியத் தோசைக்கு நாலு பங்கு புழுங்கல் அரிசி, ஒரு பங்கு உழுந்து, கொஞ்சம் வெந்தயம். அறுவடை முடிந்த கையோடு புது அரிசிதான் வீட்டில் கிடக்கிறது. புது அரிசியில் பிசுபிசுப்பு அதிகம், கல்லில் ஒட்டும். பழையதை மாமியிடம் மாற்றிக்கொண்டேன். மட்டக்களப்பு வெக்கைக்கு மாவைப் புளிக்க வைக்க ஈஸ்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். உழுந்தோடு வருகிற நுண்ணுயிர்களே பொங்க வைத்துவிடும். இரவு பத்து மணிக்கு அரைத்து வைத்தால் நாலு மணிக்குச் சட்டியை விட்டு வெளியே வந்து நிற்கும்.

2020இல் உழுந்து இறக்குமதியை நிறுத்தியபோது ஊரில் வடை சிறுத்துக்கொண்டே போனது நினைவு வருகிறது. ஓட்டை மட்டும் அதே அளவு. அந்த நாட்களில் வவுனியா உழுந்து என்று சொல்லிச் சொல்லியே விலை ஏற்றினார்கள். அம்மா அப்போதும் வீட்டில் தோசையை நிறுத்தவில்லை, பாதிக்குப் பாதி பயறு போட்டுச் சுட்டார். பச்சையாக இருந்தது. தின்றோம்.

கடிதத்தில் ஒன்றும் இல்லை. திகதியும் நேரமும்தான். எத்தனை தரம் வாசித்தாலும் அவ்வளவுதான்.

மார்ச் 21, வெள்ளி

பயற்றம் பருப்பு, பூசணி, சின்ன வெங்காயம். மஞ்சள் நிறம், தண்ணிப் பதம். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால் அம்மா நித்திரை. இரவெல்லாம் வலியில் முழித்துக் கிடந்தவர், எழுப்ப மனம் வரவில்லை. நானும் தம்பியும் மச்சாளும் சாப்பிட்டு முடித்துவிட்டோம். தம்பி சட்டியை வழித்தான். இதுதான் அதுவா என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மாலை எழும்பித் தேத்தண்ணி மட்டும் கேட்டார்.

மார்ச் 24, திங்கள்

உதயதேவி ரயில். பொடி தடவின இட்லி வாழையிலையில். வெலிக்கந்தை தாண்டும்போது அம்மா ஒன்று சாப்பிட்டார், எதிரில் இருந்த சிங்களப் பிள்ளைக்கு ஒன்று கொடுத்தார். அது பொடியின் உறைப்பில் கண்கலங்கி, இன்னொன்று கேட்டது.

இரவு கொழும்பில், வெள்ளவத்தை. காலி வீதியில் ஒரு கடையில் மசால் தோசை கிடைத்தது. நீளமாக, மொறுமொறுவென்று, இலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு. சாம்பாரைத் தொட்டதும் அம்மா, "சீனி போட்டிருக்கான்" என்றார். சட்னிகளை ஒதுக்கிவிட்டுத் தோசையைக் கடைசித் துண்டுவரை சாப்பிட்டார். நான் என்னுடையதைப் பாதியில் வைத்திருந்தேன். அதையும் இழுத்தார்.

"நாளைக்கு என்ன சொன்னாலும் வரக்குள்ள இங்க ஒருக்கா வருவம் என்ன?"

ஓம் என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

பத்தரைக்கு உள்ளே கூப்பிடுவார்களாம். மச்சாள் போன் எடுத்தாள், நேற்று ஊறப்போட்ட உழுந்தை என்ன செய்ய என்று. மணக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். கழுவிவிட்டு அரைத்து வடையாகப் போடு, நாங்கள் வருவதற்குள் புதிதாக ஊற