வைட்டமின் டி, பெருங்குடல் புற்றுநோய், ஐந்து லட்சம் பேர்: ஓர் ஆய்வை முடித்த அனுபவம்

இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கூடுதலாக வருகிறதா என்ற கேள்வியோடு, 2019-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் என் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினேன். அந்த ஆண்டில்தான், பிரிட்டனின் பெரிய உடல்நலத் தரவு வங்கியான யூகே பயோபேங்க், தன் பங்கேற்பாளர்களின் இரத்தத்தில் அளந்த, வைட்டமின் டி உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்வேதிக் குறியீடுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. 2006 முதல் 2010 வரை, 40 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்ட சுமார் 5 லட்சம் பேர், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் அமைந்த 22 மையங்களுக்கு வந்து, உணவு, புகை, மது, உறக்கம் பற்றிய கேள்விகளுக்குத் தொடுதிரையில் விடையளித்து, இரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பின்னாளில் அவர்களில் யாருக்காவது புற்றுநோய் கண்டறியப்பட்டால், தேசியப் புற்றுநோய்ப் பதிவேடுகள் வழியே அந்தத் தகவலும் வந்து சேரும்.

இந்தத் தரவைக் கேட்டு விண்ணப்பம் எழுதியபோது அறிவியல் பகுதியைவிட, பொதுமக்களுக்கான சுருக்கம்தான் என்னைப் படுத்தியது. இரத்தம் கொடுத்தவர் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக நான்கு முறை மாற்றி எழுதினேன். ஒப்புதலும் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தக் கையெழுத்துகளும் முடியச் சில மாதங்கள் ஆயின.

தரவு வந்ததும் புள்ளியியல் மாடல் எதையும் ஓட்டாமல், இரத்தம் எடுத்த மாதத்தை வைத்து வைட்டமின் டி அளவுக்கு ஒரு வரைபடம் மட்டும் போட்டுப் பார்த்தேன். பிப்ரவரி, மார்ச்சில் தரையோடு கிடந்த கோடு, கோடை முழுவதும் ஏறி, ஆகஸ்டு, செப்டம்பரில் உச்சத்தைத் தொட்டுவிட்டு மறுபடி இறங்கியது. அக்டோபர் முதல் மார்ச் வரை பிரிட்டனின் வெயிலுக்குத் தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் வலு இல்லை என்று படித்திருந்தேன்தான். ஆனால் அதை லட்சக்கணக்கான மனிதர்களின் இரத்தத்தில் ஒரே வளைவாகப் பார்ப்பது வேறு அனுபவம். பிப்ரவரியில் லிட்டருக்கு 40 நேனோமோல் உள்ளவரும் ஆகஸ்டில் 40 நேனோமோல் உள்ளவரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்லர் என்பதால், ஒவ்வொருவரையும் அந்தந்த மாதத்தில் இரத்தம் கொடுத்தவர்களோடு மட்டும் ஒப்பிடும்படி கணக்கை மாற்றினோம். இந்தத் தரவில் தெற்காசியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், பிரிட்டனில் குறைபாட்டின் எல்லையாகக் கொள்ளப்படும் லிட்டருக்கு 25 நேனோமோலுக்குக் கீழே இருந்தார்கள். என் சொந்த அளவும் அந்தப் பக்கம்தான் என்று தெரியவந்து மாத்திரை தொடங்கியதைத் தொலைபேசியில் சொன்னபோது, "வெயில்லயே வளந்த புள்ளைக்கு வெயில் மாத்திரையா?" என்று அம்மா சிரித்தார்.

முதல் ஆண்டில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். இரத்தம் கொடுக்கும் முன்பே புற்றுநோய் கண்டவர்களை நீக்குவது வழக்கம் என்பதால், பதிவேட்டில் 'சி' என்று தொடங்கும் குறியீடு முன்தேதியில் இருந்த எல்லோரையும் ஒரே வரிக் கட்டளையில் நீக்கிவிட்டேன். அதில் சி44-ம் போய்விட்டது. அது, மெலனோமா என்ற கொடிய வகையைச் சேராத தோல் புற்றுநோய். மிகப் பரவலானது, உயிருக்கு ஆபத்து குறைவானது, எனவே பொதுவாக இந்த நீக்கத்தில் சேர்க்கப்படாதது. மற்ற ஆய்வுகளில் இது சிறு கவனக்குறைவாக இருந்திருக்கும். ஆனால் அந்த நோய் வருவது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிறைய வெயில் பட்டவர்களுக்கு. நான் ஆராய்வதோ வெயிலால் உண்டாகும் வைட்டமின். வெயிலில் அதிகம் திரிந்தவர்களையே தேடிப்பிடித்து வெளியே அனுப்பியிருக்கிறேன். எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைந்தது என்று நெறியாளர் கேட்டிருக்காவிட்டால் நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

முதல் கணக்கில், அளவு குறைந்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் கூடுதலாகவே தெரிந்தது. உடல் எடை, புகை, உடலுழைப்பு, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றைச் சேர்க்கச் சேர்க்க அந்த வேறுபாடு சுருங்கிக்கொண்டே வந்தது. உடல் பருத்தவர்களுக்கு இரத்தத்தில் இந்த வைட்டமின் குறைவாகவே இருக்கும். வெளியே நடப்பவர்களுக்கு வெயிலும் கிடைக்கும், உடற்பயிற்சியும் கிடைக்கும். அப்படியானால் நான் அளந்தது வைட்டமினையா, வாழ்க்கைமுறையின் நிழலையா? இதற்கும் மேலே இன்னொரு சிக்கல் உண்டு. பெருங்குடலில் ஒரு சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள்கூட ஆகும் என்பதால், இரத்தம் எடுத்த நாளிலேயே நோய் உள்ளே இருந்து, பசியையும் நடமாட்டத்தையும் குறைத்து, அதன் வழியாக வைட்டமின் அளவையும் குறைத்திருக்கலாம். இதற்காக முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் கண்டவர்களை விட்டுவிட்டும், பிறகு ஐந்து ஆண்டுகள் வரை விட்டுவிட்டும் திரும்பத் திரும்பக் கணக்கிட்டோம். ஒரே ஒரு நாளின் அளவை நம்ப முடியுமா என்று பார்க்க, 2012-13-இல் மீண்டும் வந்து இரத்தம் கொடுத்த சுமார் 20,000 பேரின் அளவுகளைப் பயன்படுத்திக்கொண்டோம்.

இதழுக்கு அனுப்பியபோது இரண்டாம் மதிப்பீட்டாளர் கடுமையாகவே எழுதினார். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் சோதனையில், தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தும் புற்றுநோய் வருவது குறையவில்லை என்று 2018-இல் தெரிந்துவிட்ட பிறகு, 'பாதுகாக்கிறது' என்ற சொல்லை எந்தத் துணிவில் எழுதினீர்கள் என்று கேட்டிருந்தார். பின்லாந்தின் பீட்டா கரோட்டின் சோதனையையும் நினைவூட்டினார். இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்ற கண்காணிப்பு முடிவுகளை நம்பி, 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடத்திய அந்தச் சோதனையில், மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகவே வந்தது; முடிவு வெளியான ஆண்டு 1994. அவர் சொன்னது நியாயம்தான் என்பதால், கட்டுரையில் ஏழு இடங்களில் இருந்த அந்த வினைச்சொல்லை எடுத்துவிட்டு, 'தொடர்புடையதாகக் காணப்பட்டது' என்று எழுதினேன். அழைக்கப்பட்டவர்களில் 5.5 சதவீதம் பேரே பயோபேங்கில் சேர்ந்தார்கள் என்பதையும், அவர்களில் சுமார் 94 சதவீதத்தினர் வெள்ளையர் என்பதையும், கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருந்த வரியிலிருந்து விவாதப் பகுதியின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தேன். என் வீட்டாருக்கு இந்த முடிவு எந்த அளவுக்குப் பொருந்தும் என்று யாராவது கேட்டால், அந்தப் பத்தியைத்தான் காட்டுவேன்.

திருத்திய பிரதியை அனுப்பவிருந்த வாரத்தில் பயோபேங்கிலிருந்து வழக்கமான மின்னஞ்சல் ஒன்று வந்தது: ஆய்விலிருந்து விலகியவர்களின் பட்டியல். பெயர் இல்லை, காரணம் இல்லை. வரிக்கு ஓர் ஏழு இலக்க எண். அவர்களில் ஒருவர் எங்கள் நோயாளிகள் தொகுப்பில் இருந்தார். அந்த வரிகளை நீக்கிவிட்டு, எல்லா அட்டவணைகளையும் அன்றிரவே மறுபடி ஓட்டினேன். இரண்டாம் தசம இடம் வரை எதுவும் மாறவில்லை, நோயாளிகளின் எண்ணிக்கையில் மட்டும் ஒன்று குறைந்தது.