கறுப்பு ட்யூபைத் திறக்காமல்

ஜனவரி 18

மகளிர் தினக் கண்காட்சிக்கு ஓர் அழைப்பு. பொருள்: ‘வலிமை மிக்க பெண்’. சுவரில் என்னென்ன தொங்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். விரிந்த கூந்தல், நெருப்புக் கண், ஓங்கிய கை, முதுகுக்குப் பின்னால் ஒரு சூரியன். காளி கை ஓங்கினாள் என்றால் எதிரே அசுரன் நின்றான். இந்தப் படங்களில் எதிரே நிற்பது யார் என்று கேட்டால் வரைந்தவருக்கே தெரியாது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவை வரையப் போகிறேன். விடியுமுன் காசிமேட்டில் ஏலம் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார். கேட்டதற்கு, “உனக்காகச் சிலை மாதிரி உட்கார முடியாதும்மா. நான் பாட்டுக்கு வெட்டுவேன், நீ பாட்டுக்கு வரைந்துகொள்” என்றார். கூலியும் பேசியாயிற்று.

ஜனவரி 21

மீன் வாங்குகிறவர்கள் எல்லோரும் அக்காவைப் பார்ப்பது மேலிருந்துதான். அவர் தரையில் இருப்பார், நாம் பையோடு நிற்போம். நின்றபடி போட்ட கோட்டுப்படங்களில் உச்சந்தலையும் அன்னக்கூடையும் விழுந்தன, ஆள் சிறுத்துப்போனார். எனவே சாலைப் பள்ளத்தில், அவரைவிடத் தாழ்வாக உட்கார்ந்து கரித்துண்டை எடுத்தேன். முதலில் முழங்கால், அதன்மேல் தோள், எல்லாவற்றுக்கும் மேலே முகம். கேன்வாஸின் நான்கு விளிம்புகளில் மூன்றை உருவம் முட்டுகிறது. இப்படியே இருக்கட்டும்.

வஞ்சிரம் வெட்டும்போது கை அசைவது மிகக் குறைவு. வலது பாதம் அரிவாள்மனைக் கட்டையை மிதித்திருக்கிறது. இரு கைகளும் மீனைப் பிடித்து அலகில் அழுத்துகின்றன. விசை பாதத்தில் தொடங்கி முதுகு வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. கண் மட்டும் மீனில் இல்லை, விலை கேட்கத் தயங்கி நிற்பவர் மேல் இருக்கிறது. முன்கையில் ஒட்டிய செதில்கள் காய்ந்து சுருண்டிருக்கின்றன.

ஜனவரி 30

அம்ரிதா ஷெர்கில் பிறந்த நாள். 1913-ல் புடாபெஸ்டில் பிறந்து, பாரிசில் ஓவியம் படித்து, 1936-37-ல் அஜந்தாவைப் பார்த்துவிட்டுத் தெற்கே சுற்றியவர். அந்தப் பயணத்துக்குப் பிறகு வந்தவை ‘மணப்பெண்ணின் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தினர்’ ஆகிய மூன்றும். அந்த உடல்களின் கனம் எனக்கு வேண்டும். கருநிறத்தை அவர் கூச்சமில்லாமல் தீட்டியதும் வேண்டும். ஆனால் அவருடைய பெண்கள் பெரும்பாலும் கண்ணைத் தாழ்த்தி, எதையோ தாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சோகம் என் படத்துக்கு வேண்டாம். மீன்கார அக்கா யாரையும் தாங்கிக்கொள்ளும் ரகமில்லை.

1941-ல் லாகூரில் இறந்தபோது ஷெர்கிலுக்கு வயது 28. அந்த வயதில் நான் இன்னும் பழத்தட்டு வரைந்துகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 2

இன்று முழுக்கத் தோலின் நிறம்தான். கறுப்பு ட்யூபைத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். அது கலந்த இடமெல்லாம் புகையடித்த சுவராகிவிடுகிறது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்தால் அடர்ந்த, உயிருள்ள கருமை கிடைக்கிறது. நீலம் கூடினால் குளிர்கிறது, சியன்னா கூடினால் சூடேறுகிறது.

கருநிறத் தோலுக்கு உள்ள வசதி வெளிர்தோலுக்குக் கிடையாது. அது பக்கத்தில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அக்காவின் நெற்றியில் வானத்தின் நீலம் பளிச்சென்று விழுகிறது. மோவாயின் அடியில் புடவையின் செம்பருத்திச் சிவப்பு ஏறியிருக்கிறது. கன்னத்தின் நிழல் பக்கம் ஊதா. கழுத்தில் வேப்பிலையின் பச்சை. நான் எதையும் கூட்டவில்லை என்று சொன்னால் பொய்; இருப்பதை இரண்டு மடங்கு உரக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். பின்சுவர் உண்மையில் வெளுத்த சுண்ணாம்பு. அதை எலுமிச்சை மஞ்சளாக்கியதும் ஊதாவெல்லாம் எழுந்து முன்னால் வந்துவிட்டது.

1905-ல் பாரிஸ் இலையுதிர்காலக் கண்காட்சியில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் மனைவியின் முகத்தில் பச்சையைப் பூசி வைத்ததற்கு எத்தனை கேலி! நம் ஊரில் மீனாட்சி பச்சை, பச்சையம்மன் பச்சை. பச்சையம்மன் கோயில் வாசலில் முனிகள் எனாமல் பெயின்ட்டின் சிவப்பிலும் நீலத்திலும் பிரம்மாண்டமாக உட்கார்ந்திருப்பார்கள், அதன் கீழே குழந்தைகள் சோறு சாப்பிடும். அந்த மத்தீஸ் படத்தை நம் பாட்டிமார்களிடம் காட்டியிருந்தால் எந்த ஊர் அம்மன் என்று விசாரித்திருப்பார்கள்.

பிப்ரவரி 9

வெயில். தட்டில் வைத்த அக்ரிலிக் வண்ணம், நாம் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் தோல் கட்டுகிறது. தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை. காய்ந்தால் ஒரு படி இருண்டும் போகும், அதனால் கன்னத்தை வேண்டுமென்றே வெளிறலாக விட்டேன்.

பிப்ரவரி 12

படம் கத்தியது. சிவப்பு, மஞ்சள், ஊதா மூன்றும் ஒரே சமயத்தில் பேசினால் எதுவும் காதில் விழாது. அன்னக்கூடையை வெள்ளி மாதிரி மினுக்கும் ஆசையை அடக்கி, ஆரஞ்சும் நீலமும் கலந்த மந்தமான சாம்பலில் முழுவதும் தீட்டினேன். பக்கத்துப் புடவை உடனே பற்றிக்கொண்டது.

பிப்ரவரி 16

கண்காட்சிக்காரர்களின் சார்பில் ஒருவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், காபி கொடுத்தேன். “பவர் இருக்கிறது, ஆனால் நிறத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினால் வீட்டில் மாட்டுவார்கள்” என்றார். எந்த நிறத்தை என்று கேட்டேன். புடவையைக் காட்டுவது போலத் தொடங்கிய விரல் முகத்தருகே போய் நின்றது. மஞ்சளைக் குறைக்க முடியுமா என்று பேச்சை மாற்றிக்கொண்டார். முடியாது என்றேன். சிரித்த முகமாக இருக்கலாமே என்றும் ஒரு யோசனை. வஞ்சிரத்துக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்பவரைப் பார்த்து எவர் சிரிப்பார்?

பிப்ரவரி 23

வியாபாரம் முடிந்து அக்கா மாடிக்கு வந்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நெற்றி நீலத்தைப் பற்றியோ பச்சைக் கழுத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அலகு ஏனம்மா இப்படி மழுங்கிக் கிடக்கிறது? இதில் நெத்திலி கூட நறுங்காது. ஊர் பார்க்கிற படம்” என்றார்.

கீழே இறங்கியவரின் குரல் தெருவில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்லிய பிரஷை எடுத்தேன். டைட்டானியம் வெள்ளை, எதுவும் கலக்காமல், அலகின் விளிம்பில் ஒரே இழுப்பு. படத்தில் வேறெங்கும் தூய வெள்ளை இல்லாததால் அந்தக் கோடு வெட்டுகிறது. நாளை வார்னிஷ். புதன்கிழமை வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.