க்வைட் குட்

“அக்கா, நீங்க க்வைட் குட்னுதானே சொன்னீங்க?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். என் டீமில் இருந்த ஜூனியர் அவன், நிஜமாகவே புரியாமல் கேட்டான். அப்ரைசலில் அவனுக்கு ஐந்துக்கு இரண்டு போட்டிருந்தேன். கீழே ஒரு வரி: ‘ரிவ்யூவில் சொல்வதைத் திருத்துவதில்லை.’

‘க்வைட் குட்’ என்று சொன்னது உண்மைதான். இங்கிலாந்தில் இருக்கும் லீட்ஸ் டீமோடு மூன்று வருஷம் தினமும் பேசியதில் நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல் அது. அவர்கள் ‘க்வைட்’டை அழுத்திச் சொன்னால், ஏதோ இருக்கிறது, இன்னும் நன்றாக வந்திருக்கலாம் என்று அர்த்தம். அவன் அதற்கு முன் இருந்தது அமெரிக்க பிராஜெக்டில். அமெரிக்கர் வாயில் அதே சொல் நல்ல பாராட்டு.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ரிவ்யூவில் அவன் எழுதிய கோடில் ஏழு இடத்தில் கமென்ட் போட்டிருந்தேன். அப்ரைசல் முடிந்த ராத்திரி திரும்ப எடுத்துப் பார்த்தேன். டைம்அவுட்டை மாற்றச் சொல்லும் இடத்தில் ‘மைட் பி வொர்த்’ என்று ஆரம்பித்திருக்கிறேன். அடுத்தது ‘யூ மைட் வான்ட் டு’. ஏழும் இந்த ரகம்தான். லீட்ஸ் பாஷையில் இதெல்லாம் ‘மாற்று’ என்கிற உத்தரவு. அவன் இரண்டை மாற்றினான். மீதி ஐந்துக்கும் ‘நோட்டட், தேங்க்ஸ்’ என்று எழுதி மூடிவிட்டான். ரிலீசுக்கு முந்தின ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார்ந்து அந்த ஐந்தையும் நானே மாற்றினேன். அவனிடம் சொல்லவில்லை. மனதில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் நான் கேட்டேனா? முதல் வருஷம், ஜூன் மாதம், ‘ஹாஃப் ஃபைவ்’க்குக் கால் என்றார்கள். ஐந்தில் அரை குறைத்து நாலரை என்று நானாகக் கணக்குப் போட்டு, நம் நேரம் ராத்திரி ஒன்பதுக்கே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் காலி மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு அது ஐந்தரை. இன்னொரு நாள் ஒருவர் ‘யூ ஆல்ரைட்?’ என்றார். முகம் வாடித் தெரிகிறதோ என்று பயந்து, லேசாகத் தலைவலி, மாத்திரை போட்டிருக்கிறேன் என்று விளக்கினேன். அது வெறும் ஹலோ. யாரிடமும் கேட்காமல் அடிபட்டு அடிபட்டுத்தான் கற்றேன். கற்ற பிறகு ஒரு பெருமை வந்தது. இரண்டு வாரத்தை ‘ஃபோர்ட்நைட்’ என்றேன். நன்றிக்கு ‘சியர்ஸ்’ என்றேன், ஒருநாள் வாய் தவறி கேன்டீன் அண்ணனிடம்கூட.

ஒரு டிப்ளாய்மென்ட் முடியக் காத்திருந்தபோது லீட்ஸ்காரர் ஒருவர் கொரியப் போர்க் கதை சொன்னார். 1951 ஏப்ரல், இம்ஜின் ஆற்றங்கரை. சீனப் படை நெருக்கிக்கொண்டிருக்க, பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை ‘எ பிட் ஸ்டிக்கி’, கொஞ்சம் சிக்கல், என்றாராம். அமெரிக்கர் காதுக்கு அது சமாளித்துவிடலாம் என்று கேட்டிருக்கிறது. அவருடைய குளோஸ்டர்ஸ் பட்டாலியன் மலைமேல் சிக்கிக்கொண்டது. தப்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். இந்தக் கதையை நாலு பேருக்காவது சொல்லியிருப்பேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. அவனுக்கும் சொன்னேன். சிரித்தான். அதே மாதம்தான் அந்த ஏழு கமென்ட்டும்.

சரி, பாஷைக் குழப்பம் என்று விட்டுவிடலாமா? நம்மிடம் ‘பரவாயில்ல’ இல்லையா? மாமியார் ரசத்தை வாயில் வைத்துவிட்டு ‘பரவாயில்ல’ என்றால் அதற்கு யாரும் உரை எழுத வேண்டியதில்லை. அப்பா ‘பாப்போம்’ என்றால் நடக்காது என்று வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனிடம் கொஞ்சம் இழுத்து ‘பரவாயில்லடா’ என்றிருந்தால் அந்த நொடியே முகம் சுருங்கியிருக்கும். ‘என்னக்கா தப்பு?’ என்றிருப்பான். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் ஆங்கிலத்துக்குள் புகுந்துகொண்டேனோ? ஆபீசில் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம் என்றும் சொல்லிக்கொள்கிறேன். எது ஞாபகம் வருகிறதோ அன்றைக்கு அதை நம்புகிறேன்.

ரேட்டிங்கை மாற்ற முடியுமா என்று மேலே கேட்டேன். தேதி தாண்டிவிட்டது என்றார்கள். அழுத்தமாகக் கேட்டேனா, அல்லது அங்கேயும் ‘இட் வுட் பி லவ்லி இஃப்’ என்று ஆரம்பித்தேனா, நினைவில்லை. ஆறு மாதத்தில் அவன் வேறு டீமுக்குப் போய்விட்டான்.

போன வாரம் அந்த லீட்ஸ்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து ‘ரைட்’ என்றார். அந்த ஒரு சொல்லுக்கு இதுவரை ஐந்து அர்த்தம் பிடித்து வைத்திருக்கிறேன்: சரி, புரிந்தது, போதும், வேலையைப் பார்ப்போம், நீ சொல்வதை நான் நம்பவில்லை. அவர் சொன்னது எது என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.