பகலில் அமர்வு, இரவில் பாட்டு: இலங்கை மலையகத்திலிருந்து ஒரு பாட்டை வெளியிடும் வழி

உளவளத்துணையும் (கவுன்சலிங்) செய்துகொண்டு, சொந்தப் பாட்டைத் தானே எழுதி, பதிந்து, வெளியிட எனக்குச் சுமார் மூன்று மாதம் பிடிக்கிறது. அதில் பதிவுக்கு நாலைந்து நாள் போதும். மீதி நாளெல்லாம் பெரும்பாலும், அமர்வில் கேட்ட யாருடைய கதையாவது வரிகளில் தெரிகிறதா என்று சோதிப்பதற்கே போகும். போகத்தான் வேண்டும்.

கொழும்பில் பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடலாம். தேயிலைத் தோட்டத்தில் மறையமாட்டார். தோட்டத்தின் மேல் டிவிசன், அம்மா குவைத்தில், மூத்தவள் படிப்பை விட்டவள் என்று மூன்று விவரம் ஒரே சரணத்தில் வந்தால், கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கிற எல்லோருக்கும் அது யார் வீடு என்று விளங்கிவிடும். ஆகவே பெயரை மட்டும் பார்த்துப் பயனில்லை, விவரங்கள் ஒன்றுசேர்வதைப் பார்க்க வேண்டும். வரிகளைத் தாளில் எழுதி, ஒவ்வொரு விவரத்துக்கும் கோடிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் குறிப்பேன்: சொந்த வாழ்க்கை, ஊரறிந்தது, அமர்வு. அமர்வு என்று குறி விழுந்ததை மாற்றி எழுதிக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது, நீக்கிவிட வேண்டும். துணைநாடி, அதாவது உளவளத்துணை தேடி வந்தவர், சொன்ன அழகான உவமை ஏதும் உள்ளே இருந்தால் முதலில் போக வேண்டியது அதுதான். கேட்ட நொடியில் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்தத் தாள் அடுப்புக்குள் போக வேண்டும்.

அவரிடமே அனுமதி கேட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கேட்கவே கூடாது. நம்பி வந்து உட்கார்ந்தவரால் மறுக்க முடியாது. அவர் சொல்லும் ‘சரி’ விருப்பத்தில் வந்ததா, நன்றியில் வந்ததா என்று பிரித்தறிய நமக்கு வழியில்லை. அமர்வு நடந்த இரவிலேயே எழுதிய வரிகளை ஒரு மாதமாவது மூடி வைத்துவிட்டுத்தான் சோதிக்க எடுக்க வேண்டும். தற்கொலையைத் தொடும் பாட்டில் அதன் முறையோ இடமோ வரக் கூடாது. காணொளியின் கீழே தேசிய மனநல உதவி எண் 1926 இருக்கட்டும்.

இனிப் பதிவு. தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மென்பொருளும் அதைச் சுத்தமாக எடுத்துத் தராது. அட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் பதிவுக்கு நல்ல காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை வடகிழக்கிலிருந்து வருவதால், அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வசதி.

லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. அதன் அறைச் சுவரில் பக்கத்து வீட்டு டிவி கேட்கும். மெல்லிய ஒலியையும் வாங்கும் கண்டென்சர் மைக் அங்கே அதையும் பிடித்துக்கொள்ளும். டைனமிக் மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, முதுகுப் பக்கம் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டால் குரல் கிட்டத்தில் வந்து நிற்கும். உச்ச அளவு மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் இருக்கட்டும். சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிட்டால், மின்கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். கண்டென்சர்தான் இருக்கிறதென்றால், குளிரிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்த கையோடு போடாதீர்கள். ஈரம் படிந்து படபடவென்று வெடிப்புச் சத்தம் வரும். அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

மிஸ்ட் இறங்கும் மாதங்களில் கிதாரின் மேற்பலகை ஈரம் குடித்து உப்பும், தந்தி மேலே எழும், சுருதி நழுவும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள். அடுப்பருகே வைத்து உலர்த்தினால் ஒட்டு விடும். குரலும் அப்படித்தான். ஐந்தாறு மணி நேரம் தணிந்த குரலில் பேசிய நாளில் மேல் சுருதி எட்டாது. விடுமுறை நாள் காலையில், பேச்சு தொடங்குமுன் பாடிவிடுவதே நல்லது.

தப்பு என்ற தோல் பறையைக் கடைசியில், தனியாகப் பதியுங்கள். சருகும் பேப்பரும் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போது தீக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும், ஒரே இடத்தில் பிடித்தால் வெடிக்கும். ஈரக் காற்றில் சூடு சீக்கிரம் இறங்கி ஓசை மந்தமாகிவிடும். ஒரு சரணத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மறுபடி காய்ச்ச நேரம் ஒதுக்காவிட்டால், பாட்டின் முன்பாதியும் பின்பாதியும் இரண்டு வேறு தப்பு போலக் கேட்கும். மைக் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். தப்படிப்பவருக்குரிய பணத்தையும் பங்கையும் அன்றைக்கே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் பெயர் கட்டாயம் போட வேண்டும். நம் பாட்டுகளில் எத்தனையோ தப்புக் கலைஞர்கள் பெயரில்லாமலே போய்விட்டார்கள்.

வெளியீட்டு வேலை சலிப்பானது, கடினமில்லை. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு நாலு நிமிடத்துக்கு ஏறக்குறைய 64 மெகாபைட் வரும். சிக்னல் இருக்கும் மேட்டில் நின்று ஏற்றிவிடலாம். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். ஆங்கில எழுத்தில் உங்கள் பெயரை எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி எழுதாவிட்டால் பாட்டு வேறொருவர் பக்கத்தில் போய் விழும். பாட்டுப் பட்டியல்களைத் தொகுக்கும் ஸ்பொட்டிஃபை ஆசிரியர் குழுவுக்கு அனுப்ப, வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்னதாகப் பாட்டு அங்கே இருக்க வேண்டும். மூன்று நாலு வாரம் விட்டால் நிம்மதி. அங்கே 12 மாதத்தில் 1000 கேட்பைத் தொடாத பாட்டுக்குப் பணம் கிடையாது, கணக்கை அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். பாட்டை இந்தத் தளங்களுக்கு அனுப்பித் தரும் வினியோகிப்பவரைத் தேர்ந்தெடுக்குமுன் இலங்கை வங்கிக் கணக்குக்குப் பணம் எப்படி வரும் என்று கேட்டுவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டு உருவானதுமே பதிப்புரிமை உங்களுடையது, பதியத் தேவையில்லை.

பாட்டுக்குத் தனிக் கணக்கு வைத்து, அதில் யார் பின்தொடர்கிறார்கள் என்று தேடிப் பார்க்காதீர்கள். துணைநாடிகளின் நட்பு அழைப்பை ஏற்பதில்லை என்பதை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். வெளியான வாரத்தில் யாராவது அமர்வுக்கு வந்து, “அந்தப் பாட்டு என்னைப் பத்தியா?” என்று கேட்கலாம். சட்டென்று மறுத்து நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் கதை அதில் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, எந்த வரி அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். அன்றைய அமர்வு அந்த வரியிலிருந்தே தொடங்கலாம்.