ஜாக் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் அறுந்துவிடும். கேபிளைக் கொஞ்சம் அசைத்தால் கரகரவென்று திரும்பி வரும். ஆறு மாதமாக என் எலக்ட்ரிக் கிட்டாரின் நிலைமை இதுதான். கேபிள்மீது பழியைப் போட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன், அதே கதை. வீடு திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. கதவுக் கீலையே தின்னும் உப்புக் காற்று, கேபிளைச் செருகும் ஜாக்கை மட்டும் விட்டுவைக்குமா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பழுது பார்க்கும் இடமொன்றில் வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று 2,500 ரூபாய் கேட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் திருப்புளியைக் கையில் எடுத்தேன். என்னுடையது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை. படகு போலக் குழிந்த தகட்டில் ஜாக் உட்கார்ந்திருக்கும். இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் வெளியே வந்துவிடும், தந்தியைத் தொடவே வேண்டாம்.

உள்ளே பார்த்ததும் உப்புக் காற்றிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. தவறு என்னுடையது. வெளியே தெரியும் நட் தளரும்போதெல்லாம் அதை மட்டும் திருகி இறுக்கிவந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஜாக்கும் கூடவே சுற்றியிருக்கிறது. கம்பி கயிறாக முறுக்கேறி, கடைசி இரண்டு இழைகளில் ஊசலாடிக்கொண்டிருந்தது. பிளக்கின் நுனியைக் கவ்வ வேண்டிய நாக்கும் விறைப்பு இழந்திருந்தது.

சனிக்கிழமை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஞாயிறு போனால் பெரும்பாலும் ஷட்டர்களைத்தான் பார்க்க முடியும். "கால் அங்குல ஜாக்" என்றதும் கடைக்காரர், "மோனோவா ஸ்டீரியோவா சார்?" என்றார். சாதாரண கிட்டாருக்கு மோனோ போதும். பேட்டரி வைத்த கிட்டார்களில்தான் பெரும்பாலும் ஸ்டீரியோ ஜாக் இருக்கும். பிளக்கைச் செருகும்போது பேட்டரி இணைப்பு ஏற்பட அதன் மூன்றாவது முனை உதவுகிறது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த ரகத்தைத் தள்ளிவிட்டு, நாக்கு கண்ணுக்குத் தெரியும் உலோக ஜாக்கை வாங்கினேன். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்களில் இணைப்புக் கொடுத்ததும் இதே கால் அங்குலப் பிளக் வகைதான். நூறு வருடம் தாண்டியும் ஓடுகிறது.

ஞாயிறு காலை, மே மாத வெயில். ஈயத்தை உருக்கிக் கம்பியை ஒட்டும் சால்டரிங் வேலையின்போது ஃபேன் ஓடினால் சூடு நிற்காது, நிறுத்திவிட்டேன். கூடத்தில் இருந்த அனைவரும் என்னை முறைத்தார்கள். ஈயத் துளி விழுந்து பாலிஷ் பொசுங்காமல் இருக்க கிட்டார்மீது பழைய துண்டைப் போர்த்தினேன். 25 வாட் சால்டரிங் அயர்ன், வெள்ளீயமும் ஈயமும் 60/40 கலந்த ஈயக் கம்பி. ஈயத்தை அயர்னில் உருக்கி அப்பக் கூடாது. ஜாக்கின் முனையைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானே ஓடிப் பரவ வேண்டும். முதல் முயற்சி மங்கிய சாம்பல் நிறத்தில் உருண்டையாக நின்றது. உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்; பளபளத்தது.

ஆம்ப்ளிஃபயரில் செருகினால் "உர்ர்ர்". தந்தியைத் தொட்டால் உறுமல் இன்னும் ஏறியது. சரியாக இணைத்த கிட்டாரில் தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும். பழைய ஜாக்கில் இடப்பக்கம் இருந்த கம்பியைப் புதியதிலும் இடப்பக்கமே வைத்திருக்கிறேன். புதியதில் முனைகள் இடம் மாறியிருந்தன. இதை முதலிலேயே செய்திருக்கலாம்: கேபிளை ஜாக்கில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியில் மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரின் ஒரு குச்சி, ஜாக்கின் முனையில் இன்னொன்று. எதில் பீப் அடிக்கிறதோ அதில்தான் வால்யூம் குமிழிலிருந்து வரும் கம்பி சேர வேண்டும். மற்றது எர்த்.

இரண்டையும் மாற்றி வைத்தேன். இந்த முறை ஜாக்கைப் பின்னாலிருந்து விரல்களால் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் நட்டை இறுக்கினேன். தகட்டை மூடி, கேபிளைச் செருகி அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தேன். ஒரு கரகரப்பும் இல்லை.

"முடிந்ததா? ஃபேனைப் போடலாமா?" என்றாள் மனைவி.